உன்னிப் புதருக்கு முன்னால் நின்றவள்

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் நாற்பது நிமிஷம் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னார். சித்தூரில் நான் வாடகைக்கு இருக்கும் தெருவில் நடக்க முடியாது. ஒரு பக்கம் திறந்த சாக்கடை, மறுபக்கம் நாய்கள். அதனால் திருப்பதி சாலைப் பக்கம் இருக்கும் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். ரோஜாப் பாத்தியும் நீரூற்றும் உள்ள பூங்கா இல்லை அது. ஒரு சின்னக் குன்று, அதன் அடியில் வெட்டாமல் விட்டுவைத்த காட்டு மரங்கள், புதர்கள், நடுவே வளைந்து போகும் சிமெண்டுப் பாதை. அவ்வளவுதான்.

நான் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா மாந்தோப்பில் கூலி. அவருடைய நைனாவும் அதே தோப்பில் கூலி. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒருவர் இதே விவரங்களை என்னிடம் கேட்டு வாங்கினார். அவர் கேட்ட விதம் வேறு.

நடக்க ஆரம்பித்த முதல் வருஷம், மார்கழி மாதம், மூன்றாவது சுற்றில் ஒரு சத்தம் கேட்டது. பாதை வளைகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு உன்னிச்செடி அடர்ந்து கிடக்கும். அதற்குள்ளிருந்து யாரோ நாக்கை அண்ணத்தில் தட்டுவதுபோல, 'சக்... சக்...' நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் அதே இடம், அதே சத்தம். பத்து நாள் ஆயிற்று, அதன் உடம்பைப் பார்க்க. பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. காய்ந்த புளிய இலை நிறத்தில், விரல் நீளத்தில் ஒரு குருவி. கண்ணுக்கு மேல் வெளிறிய ஒரு கோடு. வேறு அலங்காரம் ஒன்றும் இல்லை.

போனில் தேடித் தேடி அதன் பெயரைப் பிடித்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயரை முன்னால் சுமந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுக் கதிர்க்குருவி என்று மட்டும் வைத்துக்கொண்டேன். பத்து கிராம் எடை இருக்கும். இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. மழைக்காலக் கடைசியில் வந்து, ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு, சித்திரையில் திரும்பிப் போகிறது. இதைப் படித்த அன்று டூட்டியில் ஒருவருடைய முழங்கையை இரண்டு தடவை படம் எடுத்தேன். முதல் தடவை படம் பதிகிற தட்டை வைக்க மறந்துவிட்டேன்.

அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பைனாகுலர் வாங்கினேன். கூட வேலை செய்கிறவள், "மேடத்துக்கு மாப்ள பாக்க இப்பிடி ஒரு வழியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பைனாகுலர் வந்தபிறகு அந்தப் பூங்கா எனக்கு வேறு இடமாகிவிட்டது. மூங்கில் நிழலில் ஒரு வாலாட்டிக் குருவி நடந்துகொண்டிருந்தது. வாலாட்டி என்றால் வாலை மேலும் கீழும்தான் ஆட்டும். இது இடமும் வலமுமாக, பின்பக்கம் முழுவதையும் சேர்த்து ஆட்டியது. மாசியில் ஒரு பழுப்புக் கீச்சான் கம்பி வேலியில் உட்கார்ந்து பார்க்கிறவர்களை எல்லாம் முறைத்தது. பங்குனியில் வந்து போவதும் போகக் கிளம்புவதுமாக ஒரே நடமாட்டம். தெற்கே தங்கியிருந்த ஆறுமணிக்குருவிகள் வடக்கே போகிற வழியில் இரண்டு நாள் இறங்கி, சருகைக் கிளறித் தின்றுவிட்டுப் போகும். பச்சையும் நீலமும் அடிவயிற்றில் சிவப்புமாக அது சருகில் குதிக்கும்போது, அந்தக் குப்பையில் இவ்வளவு நிறத்தை யார் கொட்டினார்கள் என்று இருக்கும்.

ஆனாலும் நான் அதிகம் நின்றது உன்னிப் புதருக்கு முன்னால்தான்.

தொல்லை தொடங்கியது போன வருஷம் பங்குனியில். பூங்காவில் நடப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பெரும்பாலும் ரிட்டையர் ஆன உத்தியோகஸ்தர்கள், அவர்கள் வீட்டு அம்மாக்கள், ஒன்றிரண்டு வியாபாரிகள். காலை ஆறரை மணிக்கு வட்டமாக நின்று, கைகளைத் தூக்கி 'ஹா ஹா, ஹோ ஹோ' என்று சிரிப்பார்கள். நெஞ்சுக்கு நல்லதாம். அந்த நேரத்தில் குன்றிலிருக்கிற அத்தனை பறவையும் வாயை மூடிக்கொள்ளும். காரணமில்லாமல் சிரிக்க அங்கே அனுமதி இருந்தது. காரணத்தோடு ஒரு பொம்பளை நிற்பதுதான் அவர்களுக்கு ஆகவில்லை.

சங்கத்தின் தலைவர் வெள்ளை ஷூ போட்ட ஒருவர். ஏதோ பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலை நேராக என்னிடம் வந்தார். தெலுங்கில்தான் பேசினார், நானும் தெலுங்கில்தான் பதில் சொன்னேன்.

"நீங்க தினமும் இங்க நின்னு எங்க லேடீஸைப் பாக்கறதா கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு."

"குருவி பாக்கறேன் சார்."

"எங்க, காட்டுங்க."

பைனாகுலரைக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் வைத்துப் புதரைத் துழாவினார். அந்த நேரம் பார்த்துக் கதிர்க்குருவி ஒரு குச்சியின் நுனிக்கு வந்து, முழுசாகக் காட்டிவிட்டு உள்ளே போயிற்று. அவர் பார்த்துவிட்டார். அதுதான் வினையாயிற்று.

"இதுவா? இந்த மண்ணு கலர் குருவியையா ரெண்டு மாசமா பாக்கறீங்க?"

மயிலைக் காட்டியிருந்தால் நம்பியிருப்பார். இவ்வளவு சாதாரணமான ஒன்றை ஒருத்தி பார்க்கிறாள் என்றால், அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கவேண்டும் என்று அவருக்குப் பட்டது. கேள்விகளை ஆரம்பித்தார். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்கிறார்? எவருடைய தோப்பில்?

இந்தக் கேள்விகள் எதற்காக, எந்த வரிசையில் வரும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மழுப்பலாம். நிறையப் பேர் மழுப்புவார்கள், அதில் தப்பும் இல்லை. அன்று எனக்கு மழுப்பத் தோன்றவில்லை. ஊரைச் சொன்னேன், ஊரில் எந்தப் பக்கம் என்று சொன்னேன், தோப்புக்காரரின் பெயரைச் சொன்னேன். அரை அடி பின்னால் நகர்ந்தார். அதுவரை 'மீரு' என்று மரியாதையாகப் பேசியவர் அடுத்த வாக்கியத்தில் 'நுவ்வு' என்று இறங்கினார்.

"நீ நாளையிலேர்ந்து இதை எடுத்துக்கிட்டு வராதே."

"சார்," என்றேன். "ஒரு நிமிஷம் முன்னால வரைக்கும் என்னை நீங்கன்னு சொன்னீங்க. அதே மாதிரி பேசுங்க. இல்லன்னா நானும் மாத்திப் பேச வேண்டியிருக்கும்."

அவர் காவலாளியைக் கூப்பிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒப்பந்த வேலைக்காரர். வந்து என் முன்னால் நின்று, "அக்கா, அத குடுத்துடுங்கக்கா. சாயங்காலமா வாங்கிக்கலாம்," என்றார்.

"எழுதிக் குடுங்க. இன்ன காரணத்துக்காக இன்னாருடைய பொருளை எடுத்துக்கினோம்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தர்றேன்."

காவலாளி தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் எழுதவில்லை.

மறுநாள் கேட்டில் புதிதாக ஒரு தகரப் பலகை தொங்கியது. 'கேமரா, பைனாகுலர் கொண்டுவரக் கூடாது. நடைபாதையில் நிற்கக் கூடாது.' தெலுங்கில், சிவப்புப் பெயிண்டில். அன்று பைனாகுலரை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். நடைபாதையில் நிற்கவில்லை. பாதையை விட்டு ஓரடி தள்ளி, மண்ணில் நின்றேன். வெறும் கண்ணால் பார்த்தேன். ஒரு வாரம் அப்படிப் போயிற்று. சங்கத்துக்காரர்கள் என்னைக் கடக்கும்போது சத்தமாக இருமினார்கள். நான் திரும்பவில்லை.

ஒரு வாரம் கழித்து அரை நாள் லீவு போட்டுப் பூங்கா ஆபீசுக்குப் போனேன். குருவி பார்க்கப் பைனாகுலருக்கு அனுமதி கேட்டு மனு எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதிகாரி களைத்த மனிதர். படித்துவிட்டு, "யூனிவர்சிட்டியா? ரிசர்ச்சா?" என்று கேட்டார்.

"இல்ல சார். எக்ஸ்ரே."

"அப்ப எதுக்குக் குருவி?"

"பாக்கறதுக்கு."

மனுவை மறுபடி ஒரு தடவை புரட்டினார். பிறகு, அப்படி ஒரு விதி இல்லை, அந்தப் பலகையை ஆபீஸ் வைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதை எழுத்தில் தரமாட்டேன் என்றார். "அவங்கல்லாம் பெரிய மனுஷங்க. நீங்க பத்து மணிக்கு மேல வந்தா என்ன? யாரும் இருக்க மாட்டாங்க."

"பத்து மணிக்குக் குருவியும் இருக்காது சார். வெயிலுக்கு அடங்கிடும். எனக்கும் டூட்டி."

கடைசியில், மனு வந்து சேர்ந்தது என்று என் நகலில் ஒரு முத்திரை மட்டும் குத்தச் சொன்னேன். குத்தினார்கள். ஊதா நிறத்தில், வட்டமாக, நடுவில் தேதியோடு. அது அனுமதி இல்லை. காகிதம் கைக்கு வந்தது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலை கேட்டில் அதை விரித்துக் காட்டியபோது, காவலாளி முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "போங்கக்கா," என்றார். பைனாகுலரோடு போனேன்.

நான்கு நாள் கழித்து, நான் டூட்டி முடித்து வீட்டுக்கு வரும்போது நைனா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் வருகிறவர் இல்லை. கையில் ஒரு பையில் வடு மாங்காய்.

"தோப்புக்காரரு கூப்ட்டு அனுப்பிச்சாரும்மா," என்றார். "உம்பொண்ணு பார்க்குல பெரிய மனுஷங்க வூட்டுப் பொம்பளைங்கள குழா வச்சிப் பாத்துக்கினு கீதாமே, சொல்லி வெய்யின்னாரு. பார்க்குல கீற அந்த அய்யா அவருக்கு சம்பந்தி மொறையாம்."

ஊர் விவரம் கேட்டது எதற்கென்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"நீ இன்னா சொன்ன?"

"சொல்றன் சாமின்னன்."

"சொல்லிட்ட இல்ல? கைய கழுவிக்கினு வந்து துன்னு."

அவர் துன்னவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்? குருவிதானே. ஊருக்கு வா, எவ்ளோ வேணா பாரு. அங்க யாரு கேக்கப் போறாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை என்று சொல்லமுடியாது, கொஞ்சம் அவர்மேலும்தான். படித்தேன், பரீட்சை எழுதினேன், வேலை வாங்கினேன், இந்த ஊரில் தனியாக வீடு எடுத்து இருக்கிறேன். ஒரு புதருக்கு முன்னால் நிற்பதற்கு மறுபடியும் அந்தத் தோப்பு வழியாகத்தான் வரவேண்டுமா?

"நாளைக்குக் காலைல நீ எங்கூட வர்ற," என்றேன். "நான் இன்னாத்தப் பாக்கறன்னு நீயே பாத்துட்டு, அவருகிட்ட போய்ச் சொல்லு."

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். நைனா அதுவரை எந்தப் பூங்காவுக்குள்ளும் போனதில்லை. உள்ளே வந்ததும் சிமெண்டுப் பாதையை விட்டு இறங்கி, ஓரத்து மண்ணில் நடந்தார்.

"மேல ஏறி நட நைனா."

"பரவால்லம்மா."

"ஏறு."

ஏறினார். எதிரே யாராவது வந்தால் மறுபடி இறங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் இறங்க முடியவில்லை.

உன்னிப் புதருக்கு முன்னால் நின்றோம். பைனாகுலரைக் கொடுத்தேன். ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது, இன்னொன்றில் எடுக்கவில்லை. "எல்லாம் பச்சையா கீது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் அது பாட ஆரம்பித்தது.

குளிர்காலம் முழுக்க 'சக், சக்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த குருவி, ஊருக்குக் கிளம்புகிற சமயத்தில் பாடும். அடித்தொண்டையில், தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பதுபோல. ஒரு துண்டைச் சொல்லும், திருப்தி இல்லாமல் மறுபடி சொல்லும், மூன்றாம் தடவையும் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகும். நடுவே வேறு குருவிகளின் குரலையும் கலந்து விடும். நைனா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுவா? இது நம்ம வேலியில கத்திக்கினே கெடக்குமே."

"பேரு இன்னா இதுக்கு, நம்மூர்ல?"

யோசித்தார். "பேரா? மாங்காயக் கொத்தாது, கம்பத் துன்னாது. அத ஓட்டற வேலையே இல்ல. பேரு எதுக்கும்மா?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "ஆனா இம்மா நேரம் கத்தும்னு தெரியாது," என்றார்.

பாதை வளைவில் வெள்ளை ஷூ தெரிந்தது. தலைவரும், பின்னால் மூன்று பேரும். நைனாவின் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"துண்டத் தோள்ல போடு நைனா," என்றேன் மெதுவாக.

போடவில்லை.

தலைவர் வந்து நின்றார். "ஏன்டா, நீதான் இவ அப்பனா? சொல்லலையா உங்கிட்ட?"

"அவருக்கு அறுபத்தெட்டு வயசு," என்று நான் ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியாத உயரத்துக்குப் போயிற்று. நைனா என் முழங்கையைத் தொட்டார். பிறகு, பக்கத்தில் சங்கத்தின் பெயர் எழுதிய சிமெண்டு பெஞ்சு ஒன்று இருந்தது, அதில் மெல்ல உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சாமி," என்றார், உட்கார்ந்தபடியே. "முட்டி வலிக்குது."

ஊரில் தோப்புக்காரர் முன்னால் நைனா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இங்கே இவர் நின்றுகொண்டிருந்தார், நைனா உட்கார்ந்திருந்தார். தலைவர் முகம் சிவந்தது.

"அது மெம்பர்ஸ் பெஞ்சு."

"அப்பிடியா சாமி? எழுதிக்கீதா? எனக்குப் படிக்கத் தெரியாது."

பின்னால் நின்ற மூவரில் ஒருவர் சிரிப்பை அடக்கியது கேட்டது. தலைவர் காவலாளியைக் கூப்பிட்டு, "இவங்கள வெளிய அனுப்பு," என்றார். காவலாளி தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி வந்தார். எங்களைப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "சார், டிக்கெட் எடுத்துக்கீறாங்க," என்றார். சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுகிற வேலை.

"தோப்புல வேலைக்கு வான்னா வர்றன் சாமி," என்று நைனா சொன்னார். "எம்பொண்ணு எங்க நிக்கறது, எங்க நடக்கறதுன்னு நான் சொல்றதுக்கு இல்ல. அது படிச்சி வேலைக்குப் போவுது."

தலைவர் திரும்பி நடந்தார். அன்று ஆறரைக்குச் சிரிப்பு கொஞ்சம் மெதுவாகவே கேட்டது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் நைனாவை ஏற்றிவிடும்போது கேட்டேன், "வேணும்னுதானே உக்காந்த?"

"நெஜமாவே முட்டி வலிச்சுதும்மா," என்றார். ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்தபிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அதற்கு விலை இல்லாமல் இல்லை. சித்திரை பிறந்ததும் தோப்பில் காவலுக்கு ஆள் வைப்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அது நைனாவின் வேலை. அந்த வருஷம் வேறொருவரை வைத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. நான் நின்றேன், அவருக்கு வேலை போயிற்று. செய்தி கேட்ட இரவே போனில் கூப்பிட்டேன்.

"என்னாலதான் நைனா."

"ஆமா, உன்னாலதான்," என்றார். "இருந்தா இன்னா? சித்தூர் ஜில்லாவுல ஒரே தோப்பா கீது?"

பக்கத்து ஊர்த் தோப்பு ஒன்றுக்குப் போனார். போக வர நடை அதிகம். அங்கே தோப்புக்காரர் சின்ன வயதுக்காரர், 'பெரியவரே' என்று கூப்பிடுகிறார் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. எனக்கு மனசு முழுசாக ஆறவில்லை. ஆனால் அந்தக் காலையைத் திருப்பிக் கொடுத்து அந்த வேலையை வாங்கிக்கொள் என்றால், நானும் வாங்கமாட்டேன், அவரும் வாங்கமாட்டார்.

நைனா வந்துபோன அந்தக் காலைக்குப்பின் கதிர்க்குருவி பத்துப் பன்னிரண்டு நாள் பாடியது. நாளுக்கு நாள் சத்தம் கூடிற்று. உடம்பும் உருண்டுவிட்டது, போகிற வழிக்குக் கொழுப்பு சேர்க்கிறது என்று படித்தேன். ஒரு வியாழக்கிழமை புதர் சும்மா இருந்தது. வெள்ளியும் சனியும் பார்த்தேன். இல்லை. கீச்சானும் அந்த வாரமே வேலியைக் காலி செய்துவிட்டிருந்தது. வெயில் ஆறு மணிக்கே முதுகில் சுட ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அதே இடத்தில் நின்றேன். தலைவர் தன் சுற்றில் வந்தார். என்னைக் கடந்துவிட்டார் என்று நினைத்தேன், திரும்பி வந்தார்.

"போயிடுச்சா உங்க குருவி?"

"போயிடுச்சி சார்."

"அப்புறம் எதுக்கு நிக்கறீங்க?"

பைனாகுலரைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். உன்னிச்செடியில் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூ நிறைய இருந்தது. எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"நிக்கணும்போல இருக்கு சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நடந்தார். எனக்கு எட்டு மணிக்கு டூட்டி. ஏழே கால் வரைக்கும் அங்கேயே நின்றேன்.